ஒரே லேப்டாப், இரண்டு டிஸ்க்: எனக்கு விண்டோஸ், மகளுக்கு லினக்ஸ்

மாதம் 20-ஆம் தேதி தாண்டும்வரை என் லேப்டாப்பை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11-ஆம் தேதி, 3பிக்கு 20-ஆம் தேதி என்று கெடு வரிசையாக நிற்கும். கரூரில் வரிக்கணக்குப் பார்க்கிறவன் நான். நாற்பத்துச் சொச்சம் கடைகளின் டாலி (கணக்கு மென்பொருள்) டேட்டா அதற்குள்தான் இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், "ஆபரேட்டிங் சிஸ்டம் லேபுக்கு லினக்ஸ் வேணுங்ப்பா" என்று வந்து நின்றபோது, "21-ஆம் தேதி பாத்துக்கலாம் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"இருக்கிற டிஸ்க்கையே ரெண்டாப் பிரிச்சாப் போதாதுங்களா?" என்றாள். போதும்தான். நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பார்ட்டிஷனைச் சுருக்கும்போது ஏதாவது ஆனால், போவது அவளுடைய லேப் ரெக்கார்டு இல்லை, ஊரார் கணக்கு. தனி டிஸ்க் என்றால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் ஒரு எம்பியைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. வெர்ச்சுவல் மெஷின் போடலாமே என்றும் கேட்டாள். என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம். விண்டோஸையும் அதற்குள் இன்னொரு லினக்ஸையும் ஓட்டினால் இரண்டும் மூச்சு வாங்கும். சி புரோகிராம் எழுதிப் பார்க்க மட்டும் லினக்ஸ் வேண்டுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டபிள்யூஎஸ்எல் என்ற லினக்ஸ் வசதி தாராளமாகப் போதும், இந்தப் பாடெல்லாம் வேண்டாம். இவளுக்குக் கர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியோடு சேரும் நிரல்) எழுதி ஏற்றிப் பார்க்கும் பயிற்சி இருந்தது. அதற்கு நிஜமான லினக்ஸே நல்லது.

முன்பு பட்ட சூடு

இதை நான் செய்வது இரண்டாம் தடவை. முதல் தடவை செய்த தப்பைச் சொன்னால்தான் பின்னால் சொல்லப்போவது ஏன் என்று புரியும்.

மூன்று வருடத்துக்கு முன், பழைய லேப்டாப்பில், தங்கச்சி மகனுக்காக இரண்டாவது டிஸ்க்கை மாட்டி ஒரு லினக்ஸ் போட்டேன். எந்த லினக்ஸ் என்பது இங்கே வேண்டாம். இன்ஸ்டாலரில் எல்லாவற்றுக்கும் இரண்டாவது டிஸ்க்கையே காட்டினேன். பூட் லோடர் (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல்) எங்கே என்று கேட்டதற்கும் அதையேதான். ஆறு மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் அவனுக்குச் சொந்தமாக ஒரு லேப்டாப் கிடைத்தது. டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தேன். என் லேப்டாப்பை ஆன் செய்தால் கறுப்புத் திரை, 'க்ரப்' (லினக்ஸின் பூட் லோடர்) என்ற ஒரு வார்த்தை, பக்கத்தில் துடிக்கும் கோடு. விண்டோஸைக் காணோம். தேதி 18. அந்தப் பக்கம் அவன் போன் செய்து, "மாமா, பூட் ஆக ஒண்ணுமே இல்லைங்குது" என்கிறான்.

நடந்தது இதுதான். இப்போதைய லேப்டாப்கள் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகின்றன. டிஸ்க்கில் இஎஃப்ஐ என்று ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் போட்டது பெரும்பாலும் 100 எம்பிதான். பூட் லோடர் குடியிருப்பது அதில். சில லினக்ஸ் இன்ஸ்டாலர்கள், நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும், ஏற்கெனவே இருக்கும் முதல் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடிப்போய் அதிலேயே தங்கள் பூட் லோடரையும் எழுதிவிடும். வீடு இரண்டு, வாசல் ஒன்று. லினக்ஸ் இருந்தது இரண்டாவது டிஸ்க்கில், அதைத் தொடங்கி வைப்பது விண்டோஸ் டிஸ்க்கில். பிரித்தவுடன் இரண்டுமே தவித்துப் போயின.

கடையில் காட்டினேன். ஃபார்மேட் செய்துவிடலாம் என்றார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து எஃப் 12-ஐ அழுத்தினால் வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் டாலி வந்துவிட்டது. அரை நாள் வயிற்றைக் கலக்கியது அந்த ஒரு பட்டனுக்குத்தான்.

ஆகவே இந்தத் தடவை எனக்கு ஒரே பிடிவாதம்: லினக்ஸ் போடும்போது விண்டோஸ் டிஸ்க் லேப்டாப்பில் இருக்கவே கூடாது. கண்ணில் படாத டிஸ்க்கில் எந்த இன்ஸ்டாலரும் எழுத முடியாது.

எந்த டிஸ்க், எந்த இடம்

என்னுடையது 2019-இல் வாங்கிய 15 அங்குல லேப்டாப். எட்டாம் தலைமுறை ஐ5. எம்.2 என்ற சிறிய செருகிடத்தில் 256 ஜிபி என்விஎம்இ (அட்டை வடிவ வேக டிஸ்க்), அதில் விண்டோஸ் 11. கீழ்ப்பக்கம் 2.5 அங்குல டிஸ்க்குக்கு ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அதில் போட 500 ஜிபி சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். என்விஎம்இ நொடிக்கு 3,000 எம்பிக்கு மேல் படிக்கும் என்றால் சாட்டா 550-ஐத் தாண்டாது. ஆனால் பூட் ஆகும்போது அந்த வித்தியாசம் கைக்குத் தெரிவதில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதை மட்டும் மாட்டாதீர்கள். லினக்ஸே மெதுவான சரக்கு என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள்.

வாங்குவதற்கு முன் கீழ் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இடம் காலியாக இருக்கும், ஆனால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிளும் பிடித்து வைக்கும் தகரச் சட்டமும் இல்லாமல் போகலாம். டிஸ்க் இல்லாமல் விற்ற பல மாடல்களில் அவற்றையும் வைப்பதில்லை. எனக்கும் அப்படித்தான். எஸ்எஸ்டி வந்து சேர்ந்து பத்து நாள் கேபிளுக்காகக் காத்திருந்தேன். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப் என்றால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) போட்டு டிஸ்க்கை மாட்டலாம். கேடியின் தடிமன் 9.5 மில்லிமீட்டரா 12.7-ஆ என்று அளந்து வாங்க வேண்டும். எம்.2 இடமே இரண்டு உள்ள லேப்டாப் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

திறப்பதற்கு முன் விண்டோஸில் செய்ய வேண்டியவை

முதலில் பேக்கப். டாலி டேட்டா முழுக்க வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி. இதற்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்து ரெகவரி கீ. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால், நமக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ட் ஆகி (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு) இருக்க வாய்ப்பு அதிகம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) எதையாவது மாற்றினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். ஆறு ஆறாக எட்டுக் கட்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அது இருக்கும். மகள் வாசிக்க வாசிக்க, பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். போனில் போட்டோ எடுத்தால் போதாதா என்றாள். போன் சார்ஜ் இல்லாமல் போகும் நாளில்தான் அந்த எண் தேவைப்படும்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். நாம் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் படுத்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பகுதி. அங்கே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பூட் ஆக இரண்டு மூன்று நொடி கூடும், அவ்வளவுதான்.

நான்காவது எல்லா லேப்டாப்புக்கும் வராது, ஆனால் வந்தால் சிக்கல் இதில்தான். பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு லேப்டாப் பேசும் முறை) 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்டு' என்று இருந்தால் லினக்ஸ் இன்ஸ்டாலர் முரண்டு பிடிக்கும். அதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்ற வேண்டும். நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, பூட் என்ற பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும், தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். மறுபடி அதே இடத்தில் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் வழக்கம்போல் வந்துவிடும். ரெகவரி கீயைக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், என்னிடமும் கேட்டது. கணக்கின் பாஸ்வேர்டும் நினைவில் இருக்கட்டும், சேஃப் மோடில் சில நேரம் பின் நம்பர் செல்லாது. ஆப்டேன் மெமரி (டிஸ்க்கை வேகப்படுத்தும் இன்டெலின் வசதி) உள்ள லேப்டாப் என்றால் முதலில் அதை அதன் மென்பொருளிலேயே நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

கையோடு பென் டிரைவையும் தயார் செய்துவிடுங்கள். நான் எடுத்தது லினக்ஸ் மின்ட் 22. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. அதற்குள் என் மகள் படித்து முடித்து ஒரு வேலைக்கும் போய்விடுவாள். கோப்பு சுமார் 3 ஜிபி. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதினேன். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும்.

இட்லித் தட்டும் ஸ்குரூவும்

லேப்டாப்பை முழுசாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்தோம். கீழ் மூடியில் பதினோரு ஸ்குரூ. எல்லாம் ஒரே நீளம் இல்லை. பின்பக்கம் இருப்பவை நீளம், முன்பக்கம் இருப்பவை குட்டை. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொள்ளும். மகள் சமையலறையிலிருந்து ஒரு இட்லித் தட்டைக் கொண்டுவந்தாள். எந்த மூலையில் கழற்றியதோ அந்த மூலைக் குழியில் அந்த ஸ்குரூ. இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல யோசனை எனக்குத் தோன்றியதில்லை.

ஸ்குரூ எடுத்ததும் மூடி வந்துவிடாது, சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் டக் டக்கென்று விடும். கத்தியும் ஸ்குரூ டிரைவரும் வேண்டாம். திறந்தவுடன் முதல் வேலை, மதர்போர்டிலிருந்து பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. அதைச் செய்யாமல் வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

என்விஎம்இ-ஐ ஒரே ஒரு ஸ்குரூதான் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் டிஸ்க் ஒரு பக்கம் தானாகச் சாய்ந்து எழும். அந்தச் சாய்விலேயே உருவி எடுத்து, அது வந்த பிளாஸ்டிக் டப்பா இல்லாததால், புது எஸ்எஸ்டியின் டப்பாவில் வைத்துப் பீரோவில் பூட்டினேன். மகள் சிரித்தாள். சிரிக்கட்டும்.

புது டிஸ்க்கைச் சட்டத்தில் பொருத்தி, ரிப்பனின் ஒரு முனையை டிஸ்க்கில் குத்தினோம். மறுமுனை மதர்போர்டில் ஒரு மெல்லிய இடுக்குக்குள் போக வேண்டும். இடுக்கின் மேல் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்பு இமை இருக்கிறது. அதை நகத்தால் தூக்கி, ரிப்பனை வெள்ளைக் கோடுவரை நேராக உள்ளே விட்டு, இமையை மறுபடி படுக்க வைக்க வேண்டும். நான் இமையைப் பார்க்காமல் ரிப்பனை மட்டும் அழுத்திவிட்டேன். மூடிப் போட்டு ஆன் செய்தால் பயாஸில் டிஸ்க்கே இல்லை. எஸ்எஸ்டியே செத்த சரக்கோ என்று அதைத் திட்டிவிட்டு மறுபடி திறந்தபோது, மகள்தான் டார்ச் அடித்து, "இந்த மூடி திறந்தே இருக்குதுங்ப்பா" என்றாள். இப்போதைக்கு நான்கு மூலையில் மட்டும் ஸ்குரூ போட்டு மூடுங்கள். எப்படியும் ஒரு தடவை திறக்க வேண்டியிருக்கிறது.

திறக்கவே பயமாக இருக்கிறது, அல்லது இரண்டு டிஸ்க்கும் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கின்றன என்றால் இரண்டு மாற்று வழி உண்டு. சில லேப்டாப்களின் பயாஸில் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாக அணைத்து வைக்கலாம். அது இருந்தால் அதுவே சுலபம். இல்லையென்றால், பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளைத் திறந்து, விண்டோஸ் டிஸ்க்கின் அந்த 100 எம்பி பார்ட்டிஷனில் 'பூட்', 'இஎஸ்பி' என்ற இரண்டு அடையாளக் கொடிகளையும் எடுத்துவிட்டு நிறுவலாம். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும். எனக்கு அந்த 'மறக்காமல்' ஒத்துவராது.

லினக்ஸ் போடுவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டன். டெல், திங்க்பேடில் எஃப் 12. ஹெச்பியில் எஃப் 9. ஆசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப் 12, ஆனால் பயாஸில் அதை முதலில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும். பட்டியலில் அதே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரிந்தால் 'யூஇஎஃப்ஐ' என்று தொடங்குவதையே எடுங்கள்.

இன்ஸ்டாலர், மொத்த டிஸ்க்கையும் அழித்து மின்ட் போடட்டுமா என்று கேட்கும். சாதாரணமாக இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும். இப்போது உள்ளே இருப்பது ஒரே ஒரு காலி டிஸ்க், விண்டோஸ் பீரோவில். மகளையே அழுத்தச் சொன்னேன். கால் மணி நேரத்தில் முடிந்தது.

செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைக்கத் தேவையில்லை. மீடியா கோடெக் (பாட்டும் வீடியோவும் ஓடத் தேவையான மென்பொருள்) வேண்டும் என்று டிக் செய்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும், அதில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பத்து நொடிக்குள் ஒரு பட்டனாவது தட்டவில்லை என்றால் திரை போய்விடும். குடி முழுகிவிடாது, ஆனால் என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு அதன் டிரைவர் ஏறாது.

மின்ட் தனியாக ஒரு தடவை பூட் ஆகி வந்ததும், 'டிஸ்க்ஸ்' என்ற அப்ளிகேஷனைத் திறந்து பாருங்கள். 500 ஜிபி டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்க வேண்டும். இருந்தால் இந்த வீட்டுக்குச் சொந்த வாசல் வந்துவிட்டது. அணைத்து, பேட்டரியைப் பிரித்து, என்விஎம்இ-ஐப் பழைய இடத்தில் மாட்டி, பதினோரு ஸ்குரூவையும் இட்லித் தட்டிலிருந்து எடுத்துப் போட்டோம்.

இரண்டும் சேர்ந்த பிறகு

பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்தேன். சும்மா ஆன் செய்தால் டாலி. மகளுக்கு வேண்டும்போது எஃப் 12 அழுத்தி மின்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வாள். க்ரப் மெனுவிலேயே விண்டோஸையும் சேர்த்துவிடலாம். நான் செய்யவில்லை. க்ரப் வழியாக விண்டோஸுக்குப் போனால் என்கிரிப்ஷன் சந்தேகப்பட்டு அந்த 48 எண்ணைக் கேட்கலாம். இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதே எனக்கு நிம்மதி.

என்கிரிப்ஷனை அப்படியே விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லினக்ஸிலிருந்து பார்த்தால் விண்டோஸ் டிஸ்க் தெரியும், ஆனால் சாவி இல்லாமல் திறக்காது. உள்ளே பிறருடைய பான் எண்ணும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கின்றன. மகள் நல்ல பிள்ளைதான். அவள் தோழிகள் டவுன்லோடு செய்யச் சொல்வதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. இந்தப் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷன் பெயரில்லாமல் தெரியும். வேண்டாத இடம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆன் செய்தால் விண்டோஸ் கடிகாரம் 3:30 காட்டியது. லினக்ஸ், மதர்போர்டுக் கடிகாரத்தில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊருக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. மின்டின் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்பதற்கு 1 கொடுத்தால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கே வந்துவிடும். அப்புறம் விண்டோஸ் நேர அமைப்பில் ஒரு தடவை 'சிங்க் நவ்'.

தனி டிஸ்க் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட் லோடர்களை செக்யூர் பூட் தடுக்கும்படி செய்துவிட்டது. அந்தத் தடை டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் நினைவில் எழுதப்படுவது. அதனால் டிஸ்க் தனியாக இருந்தவர்களுக்கும் 'எஸ்பிஏடி' என்ற பெயரோடு பிழைச் செய்தி வந்து நின்றது. இப்படி நின்றால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அப்டேட் முழுவதையும் போட்டுவிட்டு மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். அணைக்கும்போது விண்டோஸ் பக்கம் மறுபடி அந்த எண்ணைக் கேட்கலாம். பேரேட்டின் கடைசிப் பக்கம்.

நாளைக்கு மகள் வேறு லேப்டாப் வாங்கி, அதில் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் இருந்தால், இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், அதிலேயே பூட் ஆகும். அங்கே பட்டியலில் பெயர் தானாக வரவில்லை என்றால் எஃப் 12-இல் டிஸ்க்கின் பெயரையே தேர்ந்தெடுத்தால் போதும். என் லேப்டாப்பின் பூட் பட்டியலில் மின்டின் பெயர் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது வெறும் பெயர்தான், பயாஸில் போய் அழித்துவிடலாம்.